கத்தியும் ஊசியும் ஏற்கும் எழுத்துரு: கைவினை வேலைகளுக்குத் தேர்வு முதல் நிறுவல் வரை

திரையில் கண்ணைக் கவர்ந்த எழுத்துரு, வினைல் என்ற ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் இயந்திரத்தால் வெட்டியதும் கிழிந்து கிழிந்து வருகிறது என்றால், கத்தியைக் குறை சொல்வதற்கு முன் எழுத்துருவைப் பார்க்க வேண்டும். எழுத்துரு வரைபவர்களில் பெரும்பாலோர் அச்சையும் திரையையும் மனத்தில் வைத்தே வரைகிறார்கள். கைவினை செய்பவரிடம் வரும்போது அதே எழுத்து ஒரு பொருளாகிவிடுகிறது. அதை வெட்ட வேண்டும், உரிக்க வேண்டும், ஒட்டவோ தைக்கவோ வேண்டும். சில வேலைகளில் அது தன் காலில் நிற்கவும் வேண்டும். ஆகவே அழகு இரண்டாவது கேள்விதான். இந்தப் பொருளில், இந்த அளவில், இந்த எழுத்து தாங்குமா என்பதே முதல் கேள்வி.

உரிமத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதிவிறக்கம்

எழுத்துரு என்பது மென்பொருள். அதற்கு உரிமம் உண்டு. 'இலவசம்' என்று எழுதியிருப்பதால் மட்டும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது. இலவசத் தளங்களில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனையுடன் வருகிறது. உங்கள் வீட்டு அலமாரிக்கு ஒட்டும் பெயருக்கு அது போதும். அதே எழுத்தைக் குவளையில் ஒட்டி விற்பதாக இருந்தால் வணிக உரிமம் வாங்க வேண்டும். டாஃபான்ட் போன்ற தளங்களில் இந்த நிபந்தனை பதிவிறக்கப் பொத்தானுக்கு மேலேயே சிறிய எழுத்தில் இருக்கும். 'டெமோ' என்று குறித்திருந்தால் எண்களோ நிறுத்தற்குறிகளோ இல்லாத அரைகுறைத் தொகுப்பாகவும் இருக்கலாம்.

குழப்பமே வேண்டாம் என்பவர்கள் திறந்த எழுத்துரு உரிமம் பெற்றவற்றிலிருந்து தொடங்கலாம். எஸ்ஐஎல் நிறுவனம் வகுத்த இந்த உரிமத்தின் சாரம் எளிது: எழுத்துருவைக் கொண்டு செய்த பொருளை விற்கலாம், எழுத்துருக் கோப்பைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ளவை எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த உரிமத்தில்தான். எங்கிருந்து எடுத்தாலும், உரிமம் எழுதிய உரைக் கோப்பை எழுத்துருவுடன் ஒரே கோப்புறையில் வைத்திருங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து யாராவது கேட்டால் தேட வேண்டியிருக்காது.

கோப்பு வகைகள்

நிறுவுவதற்கு உரியவை இரண்டே: டிடிஎஃப், ஓடிஎஃப். முன்னது 1991-இல் ஆப்பிள் வெளியிட்ட ட்ரூடைப். பின்னது மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996-இல் அறிவித்த ஓப்பன்டைப். இன்றைய கணினிகள் இரண்டையும் ஏற்கும். வோஃப் வகைக் கோப்புகள் இணையப் பக்கங்களுக்கானவை. அவற்றை நிறுவ முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இறக்கிய ஜிப் கோப்பில் எழுத்துரு, உரிம உரை, சில நேரங்களில் ஒரு மாதிரிப் படம், இவ்வளவுதான் இருக்க வேண்டும். எக்ஸ்இ என்று முடியும் கோப்பு இருந்தால், 'எழுத்துருவை நிறுவித் தரும் கருவி' என்று அது எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், திறக்காமல் அழித்துவிடுங்கள்.

நிறுவும் முறை

விண்டோஸ் கணினியில்:

1. ஜிப் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து முழுமையாகப் பிரித்தெடுங்கள்.
2. ஒரே எழுத்துரு டிடிஎஃப், ஓடிஎஃப் என இரண்டு வகையிலும் இருந்தால் ஒன்றை மட்டும் நிறுவுங்கள். இரண்டையும் நிறுவினால் ஒரே பெயரில் மோதிக்கொள்ளும். ஓடிஎஃப்பை முதலில் முயன்று, உங்கள் மென்பொருள் தடுமாறினால் அதை நீக்கிவிட்டு டிடிஎஃப்புக்கு மாறலாம்.
3. 'ஸ்டாட்டிக்' என்ற உட்கோப்புறை இருந்தால் அதற்குள் உள்ளவற்றை நிறுவுங்கள். வெளியே இருப்பது ஒரே கோப்பில் எல்லாத் தடிமன்களும் அடங்கிய மாறும் எழுத்துரு. பல கைவினை மென்பொருள்கள் அதில் ஒரே ஒரு தடிமனை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும்.
4. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். விண்டோஸ் 11-இல் அது தென்படாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கும்.
5. வடிவமைப்பு மென்பொருள் திறந்திருந்தால் முழுவதுமாக மூடிவிட்டு மறுபடி திறங்கள்.

நான்காவது படியில் வெறும் 'இன்ஸ்டால்' போதாதா என்று கேட்கலாம். பல நேரங்களில் போதும். ஆனால் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் எழுத்துரு அந்தப் பயனரின் தனிக் கோப்புறையில்தான் போய் உட்காருகிறது, பொதுவான ஃபான்ட்ஸ் கோப்புறைக்குள் போவதில்லை. பழைய மென்பொருள்கள் சில பொதுக் கோப்புறையை மட்டுமே பார்க்கும். 'நிறுவிவிட்டேன், வேர்டில் தெரிகிறது, வெட்டும் மென்பொருளில் மட்டும் காணவில்லை' என்ற புலம்பல் பலவற்றுக்கு இதுதான் காரணம். அனைவருக்கும் நிறுவ நிர்வாகி அனுமதி தேவைப்படும்.

மேக் கணினியில் கோப்பை இருமுறை சொடுக்கினால் ஃபான்ட் புக் திறந்து மாதிரியைக் காட்டும். 'இன்ஸ்டால்' கொடுத்தால் வேலை முடிந்தது. லினக்ஸில் எழுத்துருவை உங்கள் எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டு எஃப்சி-கேஷ் கட்டளையை இயக்க வேண்டும். ஐபேடிலும் ஐபோனிலும் ஐஓஎஸ் 13 முதல் வெளி எழுத்துருக்களை நிறுவ இடமுண்டு. ஆனால் கோப்பை நேரடியாகப் போட முடியாது, அதற்கென உள்ள செயலி ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் பொதுவாக அந்தந்தச் செயலிக்குள் சேர்ப்பதே வழி. தொலைபேசியிலேயே முழு வேலையையும் முடிக்கப் பார்ப்பவர்களுக்கு என் யோசனை: எழுத்தைக் கணினியில் அமைத்துப் படமாக அனுப்பிக்கொள்ளுங்கள், அலைச்சல் குறையும்.

கிரிகட் வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸில் எழுத்துருப் பட்டியலை 'சிஸ்டம்' என்று வடிகட்டினால் நீங்கள் நிறுவியவை மட்டும் தெரியும். சில்லவுட் இயந்திரத்தின் மென்பொருளான சில்லவுட் ஸ்டுடியோவில் மற்ற எழுத்துருக்களோடு கலந்தே பட்டியலில் வரும்.

தமிழில் வெட்டுவதென்றால்

ஆங்கில எழுத்துருவுக்கு மேலே சொன்னது போதும். தமிழுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, பலர் அங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கிய பகுதியில் 128 இடங்களே உள்ளன. 247 எழுத்துகளும் அதில் தனித்தனியே இல்லை. உயிர், அகரமேறிய மெய், புள்ளி, உயிர்மெய்க் குறிகள் என்று இருப்பவற்றைச் சேர்த்து எழுத்தாக்குவது மென்பொருளின் பொறுப்பு. 'கொ' என்று தட்டும்போது கணினிக்குள் பதிவாவது க-வும் அதற்குப் பின் ஒகரக் குறியும். அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை க-வுக்கு முன்னும் துணைக்காலைப் பின்னும் வைப்பது மென்பொருள். அந்தத் திறன் இல்லாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது நடுவில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று முளைக்கும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது, ஏனென்றால் பிழை அங்கே இல்லை.

எனவே எந்த மென்பொருளாக இருந்தாலும் முதல் சோதனையாக 'கொ, கௌ, ணை, பூ, டு, ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள். ஆறும் ஒழுங்காக வந்தால் கவலையில்லை. வரவில்லை என்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலவசம், தமிழை முறையாகக் கோக்கும். அங்கே தட்டிவிட்டு, 'பாத்' பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்தால் எழுத்து கோட்டுருவமாகிவிடும், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாகிவிடும். அதை எஸ்விஜி கோப்பாகச் சேமித்து வெட்டும் மென்பொருளுக்குக் கொண்டுபோகலாம். சில்லவுட் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு எஸ்விஜியைத் திறக்காது; அதற்கு டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமிக்க வேண்டும். கொண்டுபோன பிறகு அளவைச் சரிபாருங்கள், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அளவு மாறிவிடுவது உண்டு.

வேறொரு பழைய வழியும் இருக்கிறது. பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் ஒவ்வொரு தமிழ் வடிவமும் ஓர் ஆங்கில விசையில் உட்கார்ந்திருக்கிறது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் 'அம்மா' வரும். கோக்கும் வேலையே இல்லாததால் எந்த மென்பொருளிலும் அது சரியாகத் தெரியும். ஆவணங்களுக்கு இந்த முறை இன்று வேண்டாதது. ஆனால் ஒரு பெயரை வெட்டி ஒட்டும் வேலைக்கு அதைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. கைவசம் அந்த எழுத்துரு இருந்தால் பயன்படுத்துங்கள்.

அடுத்தது துண்டுகளின் கணக்கு. 'கார்த்திக்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான அச்சு எழுத்துருக்களில் க, துணைக்கால், ர, அதன் புள்ளி, த, அதன் புள்ளி, தி, க, அதன் புள்ளி என்று ஒன்பது தனித் துண்டுகளாக அது வெட்டுப்படும். மூன்று புள்ளிகளும் சிறியவை. வினைலில் கழிவை உரிக்கும்போது கழிவோடு சேர்ந்து முதலில் எழுந்து வருவது அவைதாம். இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் துண்டுகளாகப் பிரித்து, புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். அகலம் 2 மி.மீ.க்குக் குறைந்தால் தொல்லைதான். சில எழுத்துருக்களில் புள்ளி நடுவில் துளையுள்ள வளையமாக இருக்கும். அந்தத் துளையை நிரப்பிவிடுவது நல்லது. துண்டுகளைப் பிரித்த பிறகு டிசைன் ஸ்பேஸுக்குக் கொண்டுபோனால் 'அட்டாச்' கொடுக்க மறக்க வேண்டாம். கொடுக்காவிட்டால் தாளை மிச்சப்படுத்துகிறேன் என்று புள்ளிகளை எல்லாம் ஒரு மூலையில் வரிசையாக அடுக்கி வெட்டித் தரும்.

மரத்திலோ அக்ரிலிக்கிலோ தனித்து நிற்கும் பெயர்ப் பலகை என்றால் ஒன்பது துண்டுகளும் ஒன்றோடொன்று இணைந்தாக வேண்டும். எழுத்துகளுக்கு அடியில் ஒரு பட்டை போட்டு இணைத்தாலும் புள்ளிகள் அந்தரத்தில்தான் நிற்கும். சிறந்த வழி, எழுத்தைச் சுற்றி 'ஆஃப்செட்' மூலம் சில மில்லிமீட்டர் அகன்ற நிழல் வடிவம் உருவாக்கி, அதைப் பின்பலகையாக வெட்டி, எழுத்துகளை அதன் மேல் ஒட்டுவது. எல்லாவற்றையும் ஒரே துண்டாக வெட்டியே தீருவேன் என்றால், புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே சிறு பாலம் வரைந்து இணைக்கலாம். பார்ப்பதற்கு அது எனக்குப் பிடிப்பதில்லை; புள்ளி காம்பு முளைத்ததுபோல் நிற்கும்.

கூகுள் ஃபான்ட்ஸில் மொழியைத் தமிழ் என்று வடிகட்டினால் நல்ல தொகுப்பு கிடைக்கும். வெட்டுவதற்கு என் முதல் பரிந்துரை பலூ தம்பி 2, அடுத்தது காய்னி. இரண்டும் தடித்து உருண்ட முனைகள் கொண்டவை, கூர்மூலை இல்லாததால் வினைல் எளிதில் பிய்யாது. கேட்டமரன் ஒன்பது தடிமன்களில் வருகிறது. அதில் தடித்தவற்றைக் கத்திக்கும், மெல்லியவற்றைச் செதுக்கலுக்கும் வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவனார். அலங்காரம் வேண்டாம், தெளிவு போதும் என்ற பெயர்ச்சீட்டுகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். இவற்றில் பலவற்றில் ஒத்த தடிமனில் ஆங்கில எழுத்துகளும் இருப்பதால், இருமொழியில் பெயர் எழுதும்போது வேறு எழுத்துருவைத் தேடி இணைக்கும் சிரமம் இல்லை. ஒரே பாயின்ட் அளவில் தமிழ் எழுத்துக்குள் வளைவும் சுழியும் அதிகம். ஆங்கிலத்துக்கு வைக்கும் அளவைவிட ஓரளவு பெரிதாகவே வையுங்கள்.

மிக மெல்லிய கோட்டை அளந்து பாருங்கள்

எந்த மொழியானாலும் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் சொல்லச் சொன்னால், அதன் மிக மெல்லிய கோடு எவ்வளவு அகலம் என்பதைத்தான் சொல்வேன். 72 பாயின்ட் என்பது ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. ஆனால் அது எழுத்தின் உயரம் அல்ல, எழுத்து அமரும் சட்டத்தின் உயரம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பொதுவாக அதில் ஏறத்தாழ 70 சதவீதம், அதாவது 18 மி.மீ. அளவே இருக்கும். சட்டத்தின் உயரத்தில் 2 சதவீதம் அகலமுள்ள மெல்லிய கோடு கொண்ட எழுத்துருவை 72 பாயின்ட்டில் வைத்தால் அந்தக் கோடு அரை மில்லிமீட்டர்தான் வரும். சாதாரண வினைலில் 1 மி.மீ.க்குக் குறைந்தால் உரிப்பது எரிச்சலூட்டும் வேலை. மினுக்குத்தூள் கலந்த தடித்த வினைலில் அதுவும் போதாது. இந்த எழுத்துருவை 144 பாயின்ட்டுக்கு மேல் வைக்க இடமிருந்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மெல்லிய எழுத்தை 'போல்டு' பொத்தானால் தடிமனாக்கலாமே என்று தோன்றும். அந்த எழுத்துருவில் உண்மையான தடித்த வடிவம் இல்லாவிட்டால் மென்பொருள் ஓரங்களை ஊதிப் பெருக்கி ஒப்பேற்றும். அதைவிட 'ஆஃப்செட்' மூலம் 0.2 அல்லது 0.3 மி.மீ. நீங்களே அகலப்படுத்துவது கட்டுப்பாடான வழி. உட்துளைகள் அடைபடுகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேய்ந்த சுவர்போல் சொரசொரப்பான ஓரங்கள் கொண்ட எழுத்துருக்கள் அச்சிடுவதற்கு அருமை, வெட்டுவதற்கு ஆகாது. ஒவ்வோர் எழுத்திலும் நூற்றுக்கணக்கான முனைப்புள்ளிகள் இருக்கும். கத்தி ஒவ்வொன்றிலும் நின்று திரும்பும், தாள் பொடிப்பொடியாகும்.

எழுத்துருத் தளத்தின் மாதிரிப் படத்தை நம்பித் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். நீங்கள் வெட்டப்போகும் அதே சொல்லை, அதே மில்லிமீட்டர் அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, பொருளின் மேல் வைத்து, நிற்கும் தூரத்திலிருந்து பாருங்கள். எண்கள் தேவையென்றால் எண்களையும் தட்டுங்கள். எழுத்துருவில் இல்லாத குறியைச் சில மென்பொருள்கள் சத்தமில்லாமல் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து நிரப்பிவிடும், வெட்டிய பிறகுதான் கண்ணில் படும்.

கோத்தெழுத்துகளும் வால்களும்

ஆங்கிலக் கோத்தெழுத்து வடிவங்களில் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் ஏறி நிற்கும். அப்படியே வெட்டினால் கத்தி ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகச் சுற்றிவரும். இணையும் இடங்களில் எல்லாம் குறுக்கே வெட்டு விழும். முதலில் எழுத்து இடைவெளியைக் குறைத்து வால்கள் உண்மையிலேயே தொடுமாறு செய்யுங்கள். தேவைப்பட்டால் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கையால் நகர்த்துங்கள். அதன் பிறகு, தொடும் எழுத்துகளை ஒரே வடிவமாக இணைக்கும் 'வெல்டு' கொடுங்கள். இங்க்ஸ்கேப்பில் அதன் பெயர் 'யூனியன்'. வெல்டு செய்தபின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய படி ஒன்றைத் தனியே சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

விளம்பரப் படத்தில் காட்டிய நீண்ட வால்களும் பூக்கொடிகளும் நிறுவிய பிறகு காணாமல் போனதாகத் தோன்றலாம். அவை கோப்புக்குள்தான் இருக்கின்றன, அவற்றுக்கான விசை மட்டும் விசைப்பலகையில் இல்லை. விண்டோஸில் 'கேரக்டர் மேப்' திறந்து அந்த எழுத்துருவைத் தேர்ந்து கீழே உருட்டினால் கிடைக்கும். மேக்கில் ஃபான்ட் புக் முழு வடிவத் தொகுப்பையும் காட்டும். வேண்டியதை நகலெடுத்து உங்கள் மென்பொருளில் ஒட்டுங்கள். ஒட்டும் பெட்டியில் வெற்றுக் கட்டமாகத் தெரிந்தாலும் திரையில் வடிவமைக்கும் பரப்பில் சரியாக வரும். இந்த வசதி வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன் 'பியுஏ குறியிடப்பட்டது' (விசையில்லாத வடிவங்களுக்கும் தனிக் குறியெண் உண்டு என்று பொருள்) என்று குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டென்சில், பேனா, தையல்

எழுத்து வடிவில் துளையிட்டு, அதன் வழியே வண்ணம் பூசும் தாளான ஸ்டென்சிலில் மூடிய உட்பகுதிகள் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் ஓ, ஏ, பி போன்றவை. தமிழில் க, ச, ண, ம என்று பட்டியல் இன்னும் நீளம், ட, ப, ர போன்று திறந்தவை குறைவு. ஆங்கிலத்துக்குப் பாலங்களோடு வரையப்பட்ட ஸ்டென்சில் எழுத்துருக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. தமிழுக்குப் பெரும்பாலும் நீங்களே மெல்லிய செவ்வகங்களை வரைந்து எழுத்திலிருந்து கழிக்க வேண்டியிருக்கும். பாலத்தை எழுத்தின் செங்குத்துக் கோட்டில் வைத்தால் உறுத்தாது.

பேனா பொருத்தி எழுதவைக்கும் இயந்திரத்தில் சாதாரண எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்தின் இரு கரைகளையும் வரைந்து நடுவை வெறுமையாக விடும். ஒற்றைக்கோட்டு எழுத்துரு வேண்டும். 1967-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் ஆலன் ஹெர்ஷி உருவாக்கிய ஒற்றைக்கோட்டு எழுத்துகள் இன்றும் இங்க்ஸ்கேப்பில் 'ஹெர்ஷி டெக்ஸ்ட்' என்ற நீட்சியாக இருக்கின்றன.

பூந்தையல் இயந்திரம் டிடிஎஃப்பை நேரடியாகத் தைக்காது. எழுத்து தையல் கோப்பாக மாற வேண்டும்: பிரதர் இயந்திரத்துக்குப் பிஇஎஸ், ஜனோமிக்கு ஜெஇஎஃப், டஜிமாவுக்கு டிஎஸ்டி. இங்க்ஸ்கேப்புடன் சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிட்ச் இதை இலவசமாகச் செய்யும். தானாக மாற்றித்தரும் வசதியைச் சிறிய எழுத்துகளுக்கு நம்ப வேண்டாம். ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கித் துணியில் ஓட்டை விழும். ஒரே சீரான தடிமனுள்ள எழுத்துருவே தையலுக்கு ஏற்றது.

துணியில் சூடாக்கி ஒட்டும் வினைல் என்றால் வெட்டுவதற்கு முன் 'மிரர்' கொடுத்து எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிவிட வேண்டும்.

சேமித்து வைக்கும்போது

வடிவமைப்புக் கோப்பை இன்னொரு கணினியில் திறந்தால் எழுத்துரு கூடவே வராது. வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு படிகள் வைத்திருங்கள்: எழுத்தாகவே உள்ள, திருத்தக்கூடிய படி ஒன்று, கோட்டுருவமாக மாற்றிய, வெட்டுவதற்கான படி ஒன்று. கோப்பின் பெயரிலேயே எழுத்துருவின் பெயரையும் பாயின்ட் அளவையும் எழுதிவிடுங்கள்.

கண்ணில் பட்ட எழுத்துருவை எல்லாம் நிறுவினால் பட்டியல் திறப்பதற்கே மென்பொருள் திணறும். நெக்சஸ்ஃபான்ட், ஃபான்ட்பேஸ் போன்ற மேலாண்மைக் கருவிகளில் நிறுவாமலேயே மாதிரி பார்க்கலாம். வேலைக்குத் தேவைப்படும்போது மட்டும் இயக்கிக்கொள்ளலாம். நீக்க வேண்டியவற்றை விண்டோஸில் அமைப்புகளின் எழுத்துருப் பக்கத்திலிருந்தும், மேக்கில் ஃபான்ட் புக்கிலிருந்தும் நீக்குங்கள். கணினியோடு வந்த எழுத்துருக்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்.